சுண்ணாம்புக்கு அடியில்

சென்ற தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்காக, ஜயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக கிராமத்துக்குப் போயிருந்தேன். விசேஷம் பந்தலும் பாயசமுமாக நன்றாகவே நடந்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அந்தக் கூட்டத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல், திண்ணையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பாவைப் பற்றி.

பெரியப்பாவுக்கு வயது 81. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். ராஜேந்திர சோழன் கங்கை வரையில் படை அனுப்பிய கதையை அவர் வாயால் கேட்ட பையன், பரீட்சையில் மற்றக் கேள்விகளைக் கோட்டை விட்டாலும் அந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டான். நான் போய் அவர் காலைத் தொட்டு வணங்கினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி யாரு? எந்த ஊரு?"

சொன்னேன். "அடடே, சின்னவன் மகனா! நல்லா இருக்கியாப்பா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி வந்தது. குடித்தோம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி யாரு? எந்த ஊரு?" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு தடவை கேட்டார். நான்காவது தடவை நான் பதில் சொல்லத் தொடங்கும்போது, அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா முடியாதுங்க தம்பி. வயசாச்சு, அப்படித்தான். நாங்களே இப்போ பேச்சுக் கொடுக்கிறதை விட்டுட்டோம்."

அண்ணி கெட்டவள் அல்ல. மூன்று வருஷமாக அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி வருபவள் அவள்தான். இரவில் அவர் கதவைத் திறந்துகொண்டு எங்கேயாவது போய்விடுவாரோ என்று, வாசற்படியில் தலையணை போட்டுப் படுக்கிறவளும் அவள்தான். ஒரு மருத்துவரிடம் காட்டினார்களாம். அவரும், "வயசானா இப்படித்தான்" என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் காலையில் பெரியப்பாவை எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்தக் கோயிலோடு எனக்கு ஒரு பழைய ஞாபகம் உண்டு. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பு, சுவரில் விரற்கடை கனத்துக்கு ஏறிப் போயிருந்தது. "இதுக்கு அடியிலே எழுத்து இருக்குடா" என்று சொல்லி, பெரியப்பா பத்துப் பையன்களைத் திரட்டினார். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டோம். சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியிலிருந்து ஓர் எழுத்து வந்தது; ஒரு வரி வந்தது; பிறகு சுவர் முழுவதுமே வந்தது. நனைந்த காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்து, யாரோ விளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்தியை அவர் வாசித்துக் காட்டினார். ஆயிரம் வருஷத்துக் கணக்கு, சுண்ணாம்புக்கு அடியில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது!

இப்போது பெரியப்பா அதே சுவரில் விரலை வைத்துத் தடவிக்கொண்டு சும்மா நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நான் விடாமல் காரில் ஏற்றிக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனேன். கோயில் முற்றத்தில் இறங்கியதும் நாலாபுறமும் பார்த்தார்.

"மதில் கல்லு இங்கே இல்லேப்பா. அணைக்கரைக்குப் போயிடுச்சு. 1836."

நான் அசந்து போனேன். அவர் சொன்னது சரியான செய்தி. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கீழணை கட்டும்போது, ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தும் கேட்காமல், இந்தக் கோயிலின் திருச்சுற்று மதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். சுமார் 250 வருஷம் சோழர்களுக்குத் தலைநகரமாக இருந்த ஊர் இது. இன்று கோயில் நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளத்தைத் தோண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பி வரும் வழியில், "தம்பி யாரு?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் குடித்த காப்பி இல்லை, 1836 இருக்கிறது. அப்படியானால் இந்த மனிதரின் ஞாபகத்துக்கு நேர்ந்தது என்ன? மதில் கல்லைப்போலப் பெயர்ந்து போய்விட்டதா? அல்லது எங்கள் சிவன் கோயில் சுவரைப்போலச் சுண்ணாம்பு மூடிவிட்டதா? போனது என்றால் போனதுதான். அணைக்கரையிலிருந்து கல்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூடியது என்றால் தேங்காய் நாருக்கு வேலை உண்டு. இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை மறைப்பானேன்? என் தகப்பனாரின் உடன்பிறந்த அண்ணன் அவர். அதே ரத்தம் எனக்கும் ஓடுகிறது.

முறையாக விஞ்ஞானம் படித்தவன் அல்ல நான். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் ஊருக்குத் திரும்பியதும், தெரிந்தவர்களைக் கேட்டும் கிடைத்ததைப் படித்தும் இந்த வியாதியின் சரித்திரத்தைத் துருவிப் பார்த்தேன். பெரியப்பா கற்றுக் கொடுத்த வழி அது: ஒரு சமாசாரம் விளங்கவில்லை என்றால் அதன் ஆரம்பத்துக்குப் போ என்பார்.

ஆரம்பம் ஜெர்மனியில். 1901 நவம்பரில் பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அகஸ்டெ டீட்டர் என்ற ஸ்திரீயைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51. அங்கே வைத்தியராக இருந்தவர் அலாய்ஸ் அல்சைமர். உன் பெயர் என்ன என்று கேட்டார், அகஸ்டெ என்றாள். உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அகஸ்டெ என்றுதான் நினைக்கிறேன் என்றாள். அல்சைமர் ஒவ்வொரு நாளும் கேட்ட கேள்வியையும் அவள் சொன்ன பதிலையும் எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அவள் இறந்தாள். அவளுடைய மூளையைத் தருவித்து, சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கல் போல ஒன்று இருந்தது. அந்த வருஷம் நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர்கள் சபையில் இதை எடுத்துச் சொன்னார். சபையில் ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. 1910-ல் அவருடைய குருவான எமில் கிரேப்பலின் தம்முடைய பாடப்புத்தகத்தில் 'அல்சைமர் நோய்' என்று பெயர் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஞாபகத்தை இழந்த அந்த ஸ்திரீயின் காகிதக் கட்டையே உலகம் தொலைத்துவிட்டது! 1995-ல்தான் பிராங்பர்ட் மருத்துவமனையின் பழைய கட்டுகளிலிருந்து அது அகப்பட்டது. கேள்வி, பதில், அவள் எழுத முயன்று பாதியில் நிறுத்திய கையெழுத்து, எல்லாம் அப்படியே இருந்தன.

பெயர் வைத்தும் ஒரு தவறு நடந்தது. டீட்டருக்கு 51 வயது. ஆகையால் இது நடுவயதுக்காரர்களுக்கு எப்போதாவது வருகிற அபூர்வ வியாதி என்று எண்ணிவிட்டார்கள். கிழவர்களின் மறதி வேறு. அது வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். 1960-களில் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து வைத்தியர்கள், மறதியோடு இறந்த முதியவர்களின் மூளையைச் சோதித்தபோதுதான் அதே திட்டும் அதே சிக்கலும் அங்கேயும் இருப்பது தெரிந்தது. 1976-ல் அமெரிக்காவில் ராபர்ட் காட்ஸ்மன் என்பவர், கிழவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதே நோய்தான் என்று அடித்துச் சொன்னார். அண்ணி சொன்னாளே, "வயசாச்சு, அப்படித்தான்" என்று. அந்த வார்த்தையை உலகத்துப் பெரிய பெரிய வைத்தியர்களே அறுபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நம் தேசத்தில் இதற்கென்று ஒரு சங்கம் 1992-ல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் முயற்சியில் தொடங்கியது. 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று விநோதமான பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பது அதன் பொருள். அந்த ஆராய்ச்சிக்குச் சென்னையும் வேலூரும் களமாயின. 2023-ல் வெளியான ஓர் அகில இந்தியக் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த வகை நோய் இருக்கிறது. 88 லட்சம் திண்ணைகள். 88 லட்சம் நாற்காலிகள்.

சரி, மூளைக்குள் நடப்பது என்ன? திட்டுப் படிகிறது, சிக்கல் விழுகிறது, செல்கள் சாகின்றன. செத்த செல் செத்ததுதான். இது மதில் கல் பெயர்ந்த கதை; இதில் சந்தேகம் இல்லை. ஆனால் முழுக் கதையும் இதுதானா?

இந்த இடத்தில் எனக்குச் சாத்தனூர்க் கல்மரம் ஞாபகம் வந்தது. கிரகப்பிரவேசம் முடிந்து திரும்பும்போது, பெரம்பலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து அதைப் பார்த்தேன். இதுவும் பெரியப்பா சிறுவயதில் காட்டிய இடம்தான். 1940-ல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்து வெளியிட்டது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷம் வயது. பெரம்பலூர், அரியலூர் மண்ணெல்லாம் அப்போது கடலாக இருந்தது. கடலில் அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த மணற்சத்து ஊறி, மரம் இருந்த இடத்தில் கல் ஏறிவிட்டது. அதில் இன்று மரம் என்று சொல்லப் பொருள் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மரத்தின் உருவம் அப்படியே இருக்கிறது!

இந்த அதிசயம் நம் தலைக்குள்ளும் நடக்கிறது. மூளையில் உள்ள புரதங்கள் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ அழிந்து, புதியவை வந்து உட்காருகின்றன. ஆனால் எட்டு வயதில் சுண்ணாம்பு சுரண்டியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. சரக்கு மாறியும் உருவம் மாறாமல் இருப்பது எப்படி? டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1984-ல் இதே கேள்வியை எழுப்பினார். ஞாபகத்தின் அடையாளம் ஒருவேளை டி.என்.ஏ.யின் மேலேயே குறிக்கப்படலாமோ என்றும் ஓர் ஊகத்தைச் சொல்லி வைத்தார்.

டி.என்.ஏ. என்பதை ஓர் ஓலைச்சுவடிக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய ஒரே சுவடி இருக்கிறது. அதில் சுமார் 20,000 ஏடுகள், அதாவது புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள். நரம்புச் செல்லிலும் அதே சுவடி, நகத்தடித் தோலிலும் அதே சுவடி. பின் ஏன் தோல் யோசிப்பதில்லை? எந்த ஏட்டைப் பிரிக்கலாம், எதைக் கட்டியே வைக்கவேண்டும் என்று செல்லுக்குச் செல் ஏற்பாடு வேறு. இந்த ஏற்பாட்டைப் பற்றிய சாஸ்திரத்துக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். 'மரபணுவுக்கு மேலே' என்று அர்த்தம் கொள்ளலாம். சுவடியில் எழுதியது அல்ல. சுவடியின் மேல் இட்ட முடிச்சு.

1942-ல் இந்தப் பெயரை வைத்தவர் கான்ராட் வாடிங்டன் என்ற ஆங்கிலேயர். அவருடைய தகப்பனார் வயநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வயநாடு அக்காலத்தில் நம் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று வயது வரையில் வாடிங்டனும் இங்கேதான் வளர்ந்தார்.

முடிச்சு எப்படி இருக்கும் என்பது பிறகு தெரிந்தது. ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத சிமிழுக்குள் அடங்கவேண்டும். ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் அதைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறது. உருளையில் அசெட்டில் என்ற சிறு துணுக்கு ஒட்டினால் சுற்று தளர்ந்து அந்த ஏட்டை வாசிக்க முடிகிறது. துணுக்கை எடுத்துவிட்டால் இறுகி வாசிக்க முடியாமல் போகிறது. இதை 1964-ல் நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்பிரே முதலில் எடுத்துக் காட்டினார். இன்னொரு வகை, மெதில் என்ற துணுக்கு டி.என்.ஏ.யின் மேலேயே நேராக ஒட்டிக்கொள்வது. பெரும்பாலும் அது ஒட்டிய ஏடு பேசாது. 1975-ல் இங்கிலாந்தில் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும், அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். நான் சொல்கிறேன், இதுதான் சுண்ணாம்பு! எழுத்து அழியவில்லை, மூடியிருக்கிறது.

இந்தச் சுண்ணாம்பை அடிப்பது யார்? வளர்ச்சியின் போது உடம்பே அடித்துக்கொள்வது ஒரு பங்கு. வாழ்க்கை அடிப்பது இன்னொரு பங்கு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் ஹாலந்தில் பெரும் பஞ்சம். அப்போது தாய் வயிற்றில் உருவான சிசுக்களை அறுபது வயதில் சோதித்தபோது, வளர்ச்சி சம்பந்தமான ஒரு மரபணுவில் மெதில் குறைவாக இருந்தது. தாயின் பசி, அறுபது வருஷத்துக்குப் பிறகும் குழந்தையின் சுவடியில் தெரிந்தது. 2008-ல் இது வெளியாயிற்று. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களுக்குச் சிறுவயதில் இந்தக் குறிகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வயதாக ஆக வித்தியாசப்படும் என்று அதற்கு முன்பே, 2005-ல், ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சி காட்டியது.

2009-ல் அமெரிக்காவில் ஓர் இரட்டையரைப் பற்றிய செய்தி வந்தது. இருவரும் ரசாயன எஞ்சினியர்கள். ஒருவருக்கு அறுபது வயதில் அல்சைமர் நோய் தொடங்கி, 76 வயதில் இறந்தார். மற்றவர் 79 வயது வரையில் தெளிவான புத்தியோடு இருந்து, வேறு நோயால் இறந்தார். மூளையைச் சோதித்ததில், நோய் கண்டவருடைய நரம்புச் செல்களில் மெதில் குறிகள் மிகவும் குறைந்திருந்தன. அவர் பூச்சிக்கொல்லி மருந்துகளோடு வேலை செய்தவர். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தச் செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரே சுவடி, இரண்டு தலைவிதி! ரத்தம் ஒன்று என்பதனால் முடிவும் ஒன்றாக வேண்டியதில்லை. சில அபூர்வக் குடும்பங்களில் ஒரு மரபணுவின் பிழையே நோயை நேராகக் கொண்டுவருகிறது. வேறு சில மரபணுக்கள் அபாயத்தைக் கூட்டுகின்றன. பெரும்பாலோருக்கு அது தீர்ப்பு அல்ல, சாய்வு மட்டுமே.

சுண்ணாம்பு ஒரே திசையில் தப்பாகும் என்றும் எண்ணிவிடக்கூடாது. மூடவேண்டிய இடம் திறந்துபோவதும் உண்டு. திறக்கவேண்டிய இடம் மூடிப்போவதும் உண்டு. 2014-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரண்டு கூட்டத்தார் நூற்றுக்கணக்கான மூளைகளைத் தனித்தனியே சோதித்து, அல்சைமர் நோய் கண்டவர்களின் மூளையில் சில குறிப்பிட்ட இடங்களில் மெதில் குறிகள் மாறியிருப்பதைக் கண்டார்கள். இருவர் கணக்கிலும் அங்கிரின் என்ற மரபணு அகப்பட்டது. இந்த மாறுதல் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னமும் விவாதத்தில் இருக்கிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மறைந்த ஞாபகம் பெயர்ந்துபோன கல்லா, மூடிய எழுத்தா? 2007-ல் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லி-ஹுவே ட்ஸாய் என்ற பெண்மணியும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பரீட்சை செய்தார்கள். சுண்டெலிகளுக்கு ஒரு பாடம் கற்பித்தார்கள். பிறகு அவற்றின் மூளையில் செல்கள் சாகும்படி செய்தார்கள். எலிகள் பாடத்தை மறந்தன. அதன் பிறகு சிலவற்றை, ஓடியாட சக்கரமும் விளையாடப் பொருள்களும் கூடவே துணை எலிகளும் உள்ள பெரிய கூண்டில் விட்டார்கள். மறந்த பாடம் திரும்ப வந்தது! செத்த செல்கள் எழுந்து வரவில்லை. மிச்சமிருந்த செல்களில் ஹிஸ்டோன் உருளைகளில் அசெட்டில் கூடியிருந்தது. கூண்டை மாற்றாமல், அசெட்டிலைப் பிடுங்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாலும் அதே பலன் கிடைத்தது. 2012-ல் அதே பெண்மணியின் ஆராய்ச்சிச் சாலை, அந்த வகை நொதிகளில் ஒன்று அல்சைமர் நோயில் இறந்த மனிதர்களின் மூளையிலும் அளவுக்கு மேல் இருப்பதைக் காட்டியது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதில் உண்டு. பெங்களூர் ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர்நிலை விஞ்ஞான ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 1989-ல் தொடங்கியது. அங்கே தபஸ் குண்டு என்ற விஞ்ஞானி, அசெட்டிலைப் பிடுங்கும் கையைத் தடுப்பதற்குப் பதிலாக, ஒட்டும் கைக்குப் பலம் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அவர் கூட்டத்தார் செய்த மருந்துக்கு டி.டி.கே. 21 என்று பெயர். மருந்து இருந்து என்ன? ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதையும் விடாமல் காவல் காக்கும் ஒரு மதில் உண்டு. அதே மையத்தின் ஈஸ்வரமூர்த்தி, குளூக்கோஸிலிருந்து மிகமிகச் சிறிய கார்பன் உருண்டைகளைச் செய்து வைத்திருந்தார். அந்த உருண்டையின் முதுகில் மருந்தை ஏற்றினார்கள். அது மதிலைத் தாண்டி உள்ளே போயிற்று. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஆன்-லோரன்ஸ் பூத்தியே என்ற பெண்மணியின் கூட்டத்தாரோடு சேர்ந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல், ஆரோக்கியமான எலிகளின் ஞாபகம் நீண்ட நாள் நின்றது என்று எழுதினார்கள். 2018-ல், மூளைக்குள் நூல் சிக்கல் விழும்படி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இழந்த ஞாபகசக்தி திரும்பியது என்றும், நரம்பு முனைகளில் புதிய முளைகள் தோன்றின என்றும் எழுதினார்கள்.

இதைப் படித்த மாலையில், தேங்காய் நாரைக் கையில் எடுத்துக்கொண்டு ஜயங்கொண்டத்துக்கு ஓடவேண்டும் போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். எலி மனிதன் அல்ல. எலிக்குப் பலித்து மனிதனிடம் தோற்ற அல்சைமர் மருந்துகள் ஏராளம். ஓர் ஏட்டை அவிழ்க்கப்போய் அவிழக்கூடாத ஏடும் அவிழ்ந்தால், வேறு வியாதி வரும். சுண்ணாம்பு சுரண்டும் மருந்து எதுவும் அல்சைமர் நோய்க்கென்று இன்று கடையில் கிடையாது. கிடைக்கும் என்று யாராவது பொட்டலம் கட்டி விற்றால், அவரிடம் ஏமாந்துபோக வேண்டாம்.

பின்னே என்ன லாபம் என்று கேட்கலாம். இரண்டு லாபங்கள் உண்டு. முதலாவது, இன்னும் திண்ணைக்கு வராதவர்களுக்கு. 2024-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த குழு, உலகத்தில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று கணக்கிட்டது. அது சொல்லும் பதினான்கு காரணங்களில், சிறுவயதில் படிப்பு இல்லாமை, காது கேளாமை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, புகை, குடி, உடலுழைப்பு இல்லாமை, தனிமை ஆகியவை அடக்கம். இவற்றில் எது எந்த வழியாக மூளையைத் தொடுகிறது என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் செய்யவேண்டியதைச் செய்ய அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது லாபம், ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். மூடியிருக்கிறது, முழுவதும் போகவில்லை என்று தெரிந்தால், கொஞ்சமாவது பேச்சுக் கொடுப்பார்கள். எலிக்குக்கூட முதலில் உதவியது மருந்து அல்ல. சக்கரமும் துணையும் உள்ள கூண்டு. பெரியப்பாவின் மூளையில் எத்தனை கல் அணைக்கரைக்குப் போயிற்று, எத்தனை எழுத்து சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது என்று எந்த வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது, எழுத்து இருக்கிறது என்று எண்ணி நடந்துகொள்வதுதான் மனுஷத்தனம் என்று எனக்குப் படுகிறது.

ஆனி மாதத்தில் மறுபடியும் ஊருக்குப் போனேன். நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து, அண்ணன் அவரை நரம்பு வைத்தியம் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தான். ரத்தக் கொதிப்புக்கு மருந்து கொடுத்து, காது பாதிதான் கேட்கிறது என்று கண்டுபிடித்து ஒரு கருவியும் மாட்டியிருந்தார்கள். மறதி மறதியாகத்தான் இருந்தது. இனி மெல்ல மெல்லக் கூடுமே தவிரக் குறையாது என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். ஆனால் திண்ணையில் இப்போது இரண்டு நாற்காலி கிடந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, சாயங்காலந்தோறும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சரித்திரப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். அவள் தவறாகப் படித்தால் அவர் திருத்துகிறார்.

நான் போனபோது சோழர் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாடம் முடிந்ததும் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாப்பா யாரு? எந்த ஊரு?" என்றார்.

அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், "உங்க மகன் மக தாத்தா" என்றாள். எத்தனையாவது தடவையோ தெரியாது. முதல் தடவை சொல்வது போலத்தான் சொன்னாள். உள்ளேயிருந்து அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.